சமியனின் சல்லடை

மழைக்காலத்தில் ஆலைக்காரர்களின் நனைந்த செருப்பெல்லாம் வேலை முடிகிறதற்குள் காய்ந்து கிடக்கும். நீராவிக் குழாயோரம் அவற்றை ஜோடி ஜோடியாக அடுக்கி வைக்கிறது கொதிகலன் பார்க்கும் சமியன்தான் என்று பயோம் ஒருத்திக்கு மட்டும் தெரியும். ஒருநாள் பார்த்துவிட்டாள். அவர் வெட்கப்பட்டுப்போய், "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன்மேல்தான் அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

சைநாட் என்ற ஊரில் ஓர் அரிசி ஆலை. அங்கே கொதிகலனில் மணலுக்குள்ளே உமியை விட்டு எரிப்பார்கள். அடியிலிருந்து காற்று ஊத, காய்ந்த மணல் கஞ்சி மாதிரி கொதிக்கும். மணல் குறையக் குறையப் புதுசு போட வேண்டும். சமியன் ஒரு மூட்டையைக்கூடச் சல்லடையில் போடாமல் உள்ளே விடமாட்டார். கூடமாட ஒத்தாசைக்குப் பயோம்.

அந்த அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. பயோமின் சொந்த நெல்லே நாற்பது மூட்டை, ஈரத்தோடு ஆலைக் கொட்டகையில் கிடந்தது. நீராவி வந்தால்தான் நெல் உலர்த்தும் இயந்திரம் ஓடும். ரெண்டு நாள் போனால் முளைவிட்டுவிடும். இவரோ நிதானமாகச் சல்லடை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, கல்லு பொறுக்கி மோதிரத்துல பதிக்கப் போறீங்களா?"

"தவுக்கே மலிவா வாங்கின மணல், தங்கச்சி. பாதி சரளை."

ஆலை முதலாளி தவுக்கேயைச் சொல்லி அவள் வாயை அடைக்கிறாராம்! சமியன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, மூணு மூட்டை மணலைச் சலிக்காமல் அப்படியே கொட்டிவிட்டு நெருப்பை ஏற்றினாள். கண்ணாடித் துவாரத்தில் எட்டிப் பார்த்தாள். மணல் அழகாகக் கொதித்தது. அவர் வந்ததும் வராததுமாக, "எங்கேண்ணே உங்க கல்லு? ஒண்ணு காட்டுங்க!" என்றாள்.

"கல்லு மேல வந்து உனக்குக் கும்பிடு போடுமா? பொடிசுதான் மேல நிக்கும். பெருசு அடியில போய்க் காத்துத் துளைமேல உக்காந்துக்கும்."

சாயங்காலம் மணலில் ஒரு மூலை கொதிக்காமல் அடங்கியது. பிறகு அடுத்த மூலை. மணல் கட்டிதட்டி, நெருப்பே செத்துப்போனது. ஆறவிட்டு அடிக்கதவைத் திறந்தால் முதலில் சடசடவென்று கொட்டியது அத்தனையும் சரளை. சுத்தம் பண்ணி மறுபடி ஏற்ற ஒன்றரை நாள். அதற்குள் அவள் நெல்லில் பாதி முளைத்துவிட்டது. மீதியாவது தப்பியது புத்தர் புண்ணியம்.

தவுக்கே கேட்டபோது சமியன், "மணல் சரியில்ல" என்றதோடு சரி.

"ஒரு வார்த்தை திட்டித்தான் தொலைங்களேன்!" என்று அவள்தான் கத்தினாள். சிரித்துக்கொண்டே சல்லடையை நீட்டினார்.

மகள் வீட்டோடு இருக்க அவர் லம்பாங் கிளம்பிய அன்றைக்கும், சல்லடையும் கையுமாகத்தான் வழியனுப்ப வந்தாள், இன்னமும் மலிவு மணலே வாங்கும் தவுக்கேயை வழியெல்லாம் வைதுகொண்டு. பஸ் படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"திட்டணும்னா நல்லாத் திட்டு, தங்கச்சி. ஆனா சல்லடையைக் கீழ வச்சுட்டுத் திட்டாதே."