பாடத் தமிழுக்குச் சண்டை போட்டவர்

செல்வராணி டீச்சர் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் முக்கூடல் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். நான் வரலாறு நடத்தும் பள்ளியின் அறிவியல் ஆசிரியை. சாந்தமானவர் என்று இப்போது சொல்கிறார்கள். பொய். எல்லோரோடும் சண்டை போட்டவர்.

எங்களிடம் ஒடிசாவிலிருந்து வந்த செங்கல் சூளைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டில் ஒடியா, சூளையில் இந்தி, தெருவில் நம் தமிழ். பத்தாம் வகுப்பு மினதி கடையில் பேரம் பேசினால் உள்ளூர்ப் பெண் என்றே நினைப்பீர்கள். தேர்வில் ‘காரணம் கூறுக’ என்று கேட்டால் மட்டும் வெறும் தாளை நீட்டுவாள்.

“வாய் கிழியப் பேசுதா, எழுத மட்டும் வலிக்குதாக்கும்” என்றார் தலைமையாசிரியர்.

“கடையில பேசுத தமிழ் வேற, பாடத்துத் தமிழ் வேற சார். அதை அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நீங்களா, நானா?” என்றார் டீச்சர்.

ஒருநாள் மேசைமேல் ஈரச் செங்கலை வைத்தார். “ஏட்டி மினதி, இது காஞ்சா ஏன் சின்னதாவுது? மொதல்ல உன் பாஷையில சொல்லு.” ஒடியாவில் சொன்னாள், மற்ற சூளைப் பிள்ளைகள் அது தப்பு என்று கூச்சலிட்டார்கள். பிறகு தெருத் தமிழ். கடைசியில்தான் புத்தகத் தமிழ். டீச்சருக்கு ஒடியாவில் ஒரு சொல்கூடத் தெரியாது. “எனக்குப் புரிஞ்சு என்னத்துக்கு சார்? அவளுக்குல்லா புரியணும்!” என்று என்னிடம் சிரித்தார். கணக்கிலும் வரலாற்றிலும் இப்படிச் செய்யச் சொன்னார். அது தமிழாசிரியர் வேலை என்று நான் உட்பட எல்லோரும் நழுவினோம்.

அரையாண்டுத் தேர்வில் மினதி அறிவியலில் மட்டும் தேறினாள். பள்ளியின் தேர்ச்சி விகிதம் விழுமே! அவளை வெளியே அனுப்பித் தனித்தேர்வராக எழுதவைக்க முடிவு செய்தார்கள். “நான் இருக்க வரைக்கும் அவ பேரை எடுக்க முடியாது” என்றார் டீச்சர். அவர் இருந்தவரைக்கும் எடுக்கவில்லை.

இரங்கல் கூட்டம் நடந்த அன்றே, பக்கத்து அறையில், மினதியின் அப்பா மாற்றுச் சான்றிதழுக்குக் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. நான் கத்தினேன்.

“எழவு விழுந்த அன்னைக்கு இதையா பேசுவீரு? சும்மா இரும்வே” என்றார் தலைமையாசிரியர்.

மறுநாள் மினதி சீருடையோடு பள்ளி வாசலில் நின்றாள். காவலாளியைத் தள்ளிவிட்டு அவளை என் வரலாற்று வகுப்புக்குக் கூட்டிப்போனேன். பஞ்சங்களைப் பற்றிய பாடம். மழை பொய்த்ததைத் தவிர வேறு காரணம் உண்டா என்று கேட்டேன். யோசிக்கத் தொடங்கினாள். அதற்குள் தலைமையாசிரியர் வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டார்.

டீச்சரைத் தெரிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு ஆறுதல் எதுவும் மிஞ்சவில்லை. இந்தச் சண்டை மிஞ்சியிருக்கிறது. இதில் ஜெயிக்க எனக்கு வழி தெரியவில்லை. “அவ பதில் சொல்லி முடிக்கட்டும் சார்” என்று மட்டும் தலைமையாசிரியரிடம் சொல்லி, கதவைச் சாத்தினேன்.