மைனஸ் நாற்பத்தெட்டு அடி

எல்லைத் தகராறு ஒரு வழியாகத் தீர்ந்ததென்று எல்லோரும் சொல்லிக்கொண்ட வருஷம் நான் சித்தூரில் பள்ளி இறுதி வகுப்புப் படித்தேன். திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனது. எங்கள் பாலசமுத்திரம் ஆந்திராவுக்கென்று ஆனது. ஆகட்டும், எனக்கென்ன? ஆனால் பள்ளியில் தமிழ்ப் பிரிவை மூடிவிட்டு எங்களைத் தெலுங்குப் பிரிவில் தள்ளினார்கள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

தெலுங்கு எனக்குப் பேச வரும். சந்தையில் சண்டை போடுகிற அளவுக்கே வரும். எழுத்துத்தான் வராது. பௌதிக வாத்தியார் கடற்கரை ஜில்லாவிலிருந்து புதிதாக வந்தவர். அவர் தெலுங்கில் சொல்வதை நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். பரீட்சைத் தாளையும் அப்படியேதான் எழுதினேன். வேறு என்ன செய்வது?

அது செலக்‌ஷன் பரீட்சை. தேறாதவர்களைப் பொதுப் பரீட்சைக்கு அனுப்பமாட்டார்கள். தேறாவிட்டால் புத்தூர் மாப்பிள்ளைக்குத் தாம்பூலம் மாற்றிவிடுவதென்று நைனா கறாராகச் சொல்லியிருந்தார். நானோ காலேஜில் பௌதிகம் படித்தே தீருவேன் என்றிருந்தேன்.

ஒரு கணக்கு என்னைக் கவிழ்த்தது. கிணற்று மேட்டில் நின்று பந்தை விநாடிக்கு முப்பத்திரண்டு அடி வேகத்தில் மேலே எறிகிறார்கள். மூன்று விநாடியில் அது தண்ணீரில் விழுகிறது. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில்? மேல்நோக்கிப் போவது பிளஸ் என்று வைத்துச் சமன்பாட்டில் போட்டேன். தொண்ணூற்றாறில் நூற்று நாற்பத்துநாலு போக, மைனஸ் நாற்பத்தெட்டு அடி. வாத்தியாருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, மைனஸ் மட்டும் தெரிந்தது. ஆழத்தில் ஏது மைனஸ் என்று சிவப்பு மையால் பூஜ்யம் போட்டுவிட்டார். அந்த மார்க் இல்லாமல் நான் பெயில்.

தாளை எடுத்துக்கொண்டு நேரே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். வாத்தியாரும் பின்னாலேயே வந்தார். ஹெட்மாஸ்டர் சித்தூர்க்காரர், தெலுங்குக்காரர்தான் என்றாலும் தமிழ் படிப்பார். நான் எழுதியதை உரக்கப் படித்துவிட்டு, எந்தப் பாவி பந்தியைத் தூக்கி எறிந்தான் என்று கேட்டுச் சிரித்தார். தெலுங்கில் கிணற்றுக்கும் பந்துக்கும் இருக்கிற சொற்கள் தமிழ் எழுத்தில் அப்படித்தான் பாவியாகவும் பந்தியாகவும் வந்து நிற்கும். தெலுங்கில் 'ப' ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து; தமிழின் ஒரே 'ப'வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வாத்தியாருக்கு அதைத் தெலுங்கில் விளக்கியதும் அவரும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

ஹெட்மாஸ்டர் பேனாவை நீட்டினார். "மைனஸ அடிச்சிடும்மா, பாஸ் போட்டுடறேன்."

அவ்வளவுதான், ஒரு கீற்று. உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் கை போகவில்லை.

"அடிக்கமாட்டேன் சார். மேலே போறத பிளஸ்னு வெச்சுக்கினு போட்ட கணக்கு. பந்து நான் நின்ன எடத்துக்குக் கீழ விழுந்துச்சி. வேற எப்படி வரும்?"

வாத்தியார் பொறுமையிழந்து ஒரு காகிதத்தில் தன் வழியில் போட்டுக் காட்டினார். ஒரு விநாடி மேலே, பதினாறு அடி. பிறகு இரண்டு விநாடி கீழே, அறுபத்துநாலு அடி. அதில் பதினாறைக் கழித்தால் நாற்பத்தெட்டு. மைனஸ் எங்கே என்று கேட்டார். பதினாறுக்கு முன்னால் அவரே போட்டிருந்த கோட்டின்மேல் விரலை வைத்தேன். உங்களுக்கு வருகிற மைனஸ் எனக்கு வரக்கூடாதா என்று தெலுங்கிலேயே கேட்டேன். திமிர்தான், இருக்கட்டுமே.

ஹெட்மாஸ்டர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கணக்கு சரிதான், ஆனால் ஆந்திராவுக்கு வந்த பிறகு ஆந்திரா எழுத்தில்தானே எழுத வேண்டும் என்றார். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முடியவில்லை.

"நாங்க எங்கயும் வரல சார். கோடுதான் வந்துச்சி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பக்கம் வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். ஹெட்மாஸ்டர் பேனாவை எடுத்துப் பூஜ்யத்தை அடித்தார், பக்கத்தில் மார்க்கைப் போட்டார். மைனஸைத் தொடவில்லை.