கூரை தெரியாத படம்

மூடிக்கிடக்கும் கடைகளைப் படம் பிடிக்கிற பழக்கம் எனக்கு எப்படி ஒட்டிக்கொண்டதோ தெரியாது. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பழைய ரோட்டில் அதற்குக் குறைவே இல்லை. பஞ்சர் கடை, லாட்ஜு, கரும்புச்சாறு கொட்டகை. பக்கத்திலேயே உயரமாகப் புது ரோடு வந்ததும் வண்டிகளெல்லாம் அதில் ஏறிக்கொண்டன. கீழே இருந்தவர்கள் ஷட்டரை இழுத்துவிட்டார்கள்.

சந்திரகிரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டிபன் ஓட்டல். மொட்டை போட்டுக்கொண்டு திருமலையிலிருந்து திரும்புகிறவர்கள் பஸ்ஸை நிறுத்தி இட்லி தின்ற இடம். படம் எடுக்கலாமா என்று ஓட்டல்காரரைக் கேட்டேன்.

"எடுத்துக்கோப்பா. அழிஞ்ச கொல்லையில குதிரை மேஞ்சா இன்னா, கழுதை மேஞ்சா இன்னா?"

"நான் எதுண்ணா, குதிரையா கழுதையா?"

"கேமராவ மாட்டிக்கினு வந்த கழுதை."

அந்த வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

சில மாதம் கழித்து அவரே போன் செய்தார். மகளுக்குச் சாந்திபுரம் பக்கத்திலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. பையனும் பெண்ணும் போனில் பேசக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். ஓட்டல் நன்றாக ஓடுகிறது என்று இவர் சொல்லிவைத்திருக்க, பையன் வீட்டார் படம் கேட்டிருக்கிறார்கள்.

"தொறந்திருக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துக்குடுப்பா."

போனேன். ஷட்டரைத் தூக்கி, கல்லாப்பெட்டியைத் துடைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த அண்டாக்களை அடுக்கியிருந்தார். கூரைத் தகரங்களை எப்போதோ கழற்றி விற்றுவிட்டிருந்ததால் உள்ளே நல்ல வெளிச்சம். படத்தில் டியூப்லைட் எரிகிற மாதிரியே விழுந்தது. கூரை மட்டும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

"சட்னி வாசனையும் படத்துல வருமா நைனா?" என்று அப்பாவைக் கேட்டாள் மகள், மேஜையைத் துடைத்தபடி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனாலும் மேஜையை இரண்டாம் முறையும் துடைத்தாள்.

அடுத்த முறை நான் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. அவர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். பையன் வீட்டார் திருமலைக்கு வந்திருக்கிறார்கள், புது ரோட்டில். ஓட்டல் எங்கே என்று காரை ஓரங்கட்டி, மேலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் பையனின் அம்மா போனில் ஒரே பேச்சுத்தான் பேசினாளாம்: "உங்க ஓட்டலுக்குள்ள வேப்பஞ்செடி நல்லா வளந்துகினு இருக்குதுங்க."

பையன் இப்போது போனை எடுப்பதில்லை.

அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார்.

"நீ நல்லாத்தான்பா புடிச்ச. ரோட்டத்தான் ஒசரமா போட்டுட்டானுங்க."