பாதியாகவும் பாதியாலும்

நம் கணிதத் துறையில் பட்டம் வாங்கி, இன்று பல ஊர்ப் பள்ளிகளில் கணக்குச் சொல்லித்தரும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். குறிப்பு எடுத்துக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. பேராசிரியர் செல்வராசு காலமான மறுநாள் நான் எடுத்துக்கொண்ட குறிப்பு இது:

1. செய்தி வந்த விதம்.
2. தப்பை அழிப்பது பற்றி அவர் வைத்திருந்த விதி.
3. ‘பாதி’ என்ற சொல்லுக்காக நாங்கள் போட்ட சண்டை.
4. அவருடைய ‘பள்ளிக் கணிதம்’ தாள் அவரோடு முடிந்தது. அதற்காகப் பேச இனி ஆள் இல்லை.

அன்று காலை பால் வாங்க நின்றபோது துறையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கண்ணாடி கொண்டுபோகவில்லை. செல்வராசு என்ற பெயர் மட்டும் தெரிந்தது. வழக்கமான கூட்ட அறிவிப்பு என்று நினைத்துக் கட்டைவிரல் குறியைத் தட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால் மரணச் செய்தி. அதன் கீழே முதல் ஆளாக என் கட்டைவிரல். எடுக்கத் தெரியவில்லை. அழுத்திப் பார்த்தேன், அழுகிற முகமும் சிரிக்கிற முகமும் வரிசையாக வந்தன. பயந்துபோய்க் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தக் குறி இன்னும் அங்கேயே இருக்கிறது.

வடமதுரைக்குப் போகும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். அவர் வீட்டில் என்னைப் பார்த்ததும் அவர் மனைவி தனம் எழுந்து வந்தார். “வாங்கண்ணே. போன வாரம் பூரா ஒங்க பேச்சுத்தேன். ‘இந்தத் தடவ அண்ணன் கூட்டத்துல வாயத் தொறப்பாரு பாரு’ன்னாரு. நாந்தேன், ‘அவரு சாப்புடவே யோசிச்சுத்தான வாயத் தொறப்பாரு’ன்னேன்.” சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு அழுகையானது.

அவர் சொன்ன கூட்டம் எதுவென்று எனக்குத் தெரியும். நம் மாணவர்களில் பலர் பி.எட். முடித்துப் பள்ளிக்குப் போகிறவர்கள். மெய்யெண் பகுப்பாய்வு, குலக் கோட்பாடு என்று உயர் கணிதமெல்லாம் படிக்கிறார்கள். ஆனால் பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று ஒரு குழந்தை கேட்டால் விழிக்கிறார்கள். அதற்காகவே செல்வராசு ‘பள்ளிக் கணிதம்’ என்ற பாடத்தாளைக் கொண்டுவந்தார். இந்த முறை பாடத்திட்டக் குழு அதை எடுத்துவிட்டுக் கணினித் தாள் ஒன்றை வைக்க இருந்தது. ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்தக் குழுவில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. “சும்மா தலையாட்டிட்டுப் போயிராதீங்கண்ணே” என்று போனில் சொன்னார். “பார்க்கலாம்” என்றேன். நான் அவரிடம் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான். ஒரு மனிதரிடம் கடைசியாகச் சொல்வதற்கு அது என்ன சொல்?

அவருடைய விதி உங்களுக்கு நினைவிருக்கும். விடைத்தாளில் வெள்ளை மை பூசியிருந்தால் அவருக்குப் பொறுக்காது. “ஏலே அப்பு, சுவத்துக்கா வெள்ளையடிக்கிற? ஒத்தக் கோடு போடு. அடியில இருக்கறது படிக்கற மாதிரி இருக்கணும். எங்க வழி தப்புனேன்னு நாளைக்கு நீதான பாக்கணும்?” கரும்பலகையிலும் அப்படித்தான். ஒருமுறை கல்லூரியைப் பார்வையிட வந்த ஆய்வுக் குழு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டுவிட்டார். அழிக்கவில்லை. கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதினார். நான் பின்வரிசையில் இருந்தேன். நான் வீட்டிலேயே எழுதிப் பழகிக்கொண்டு போகிறவன். வெளியே வந்து கடிந்துகொண்டேன். “வாத்தியாராப் போற புள்ளைக, தப்ப எப்படிக் கையாளுறதுன்னு வேற எங்கண்ணே பாக்கும்?” என்றார்.

‘பள்ளிக் கணிதம்’ பட்டப்படிப்பின் தரத்துக்குக் குறைவு என்பதுதான் முதலில் என் எண்ணமும். ஆசிரியர் அறையில் ஒருநாள் அதை அவரிடமே சொல்லிவிட்டேன். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, ஆறப் பாதியால வகுத்தா எம்புட்டு?”

“மூணு.”

“அது பாதியா வகுத்தா. நான் பாதியாலன்னு கேட்டேன். ஆறு பழம் இருக்கு. ஆளுக்குப் பாதிப் பழம். எத்தன பேரு திம்பாக?”

பன்னிரண்டு. எனக்குக் கோபம் வந்தது. இது தமிழில் செய்கிற தந்திரம், கணக்கு இல்லை என்றேன். “புள்ளைக்குத் தமிழும் கணக்கும் ஒண்ணாத்தாண்ணே வருது. தனித்தனி பீரியடு நமக்குத்தேன்” என்றார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

அவர் போன பிறகு பாடத்திட்டக் குழு கூடியது. துறைத்தலைவர் மலர்விழி பட்டியலை வாசித்தார். கணினித் தாளை முன்மொழிந்த இளம் பேராசிரியர் ஜாபர் எதிரே இருந்தார். “சார் எதுவும் சொல்றீங்களா?” என்று மரியாதைக்குக் கேட்டபடியே மலர்விழி பக்கத்தைத் திருப்பினார். எழுதிக்கொண்டு போயிருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

“அரையை முக்காலால் வகுக்க வேண்டும்” என்றேன்.

“மூணுல ரெண்டு சார். தலகீழாக்கிப் பெருக்குனா வந்துரும்” என்றார் ஜாபர்.

“ஏன் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டால்?”

தேநீரோடு பருப்பு வடை வந்திருந்தது. ஜாபர் ஒன்றைப் பிட்டார். “இது அர வடை. ஆளுக்கு முக்கா வடை குடுக்கணும்...” கையிலிருந்த துண்டைப் பார்த்தார்.

“ஒருத்தருக்கே பத்தலையே” என்றார் மலர்விழி. “அப்ப அந்த மூணுல ரெண்டு என்னது? மூணுல ரெண்டு வடையா? இருக்கறதே அர வடைதான. அது எப்படி அதவிடக் கூடும்?”

“விதின்னா விதிதான் மேடம்.”

“அதப் புள்ளைகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

ஜாபர் அரை வடையை மறுபடி பிட்டு இரண்டு கால் துண்டுகளாக வைத்தார். அவற்றைத் தொட்டு எண்ணிக்கொண்டே சொன்னார். “வடையில இல்ல மேடம், பங்குல. ஒரு பங்குக்கு மூணு கால் வேணும். நம்மகிட்ட ரெண்டு கால்தான் இருக்கு. மூணுல ரெண்டு பங்கு.”

மலர்விழி பட்டியலைக் கீழே வைத்தார்.

“இத நான் படிக்கும்போது யாரும் சொல்லல” என்றார் ஜாபர். “என் பேப்பர் அடுத்த வருசம் வரட்டும் மேடம். இது இருக்கட்டும். கிளாஸ் எடுக்க ஆளில்லன்னா நான் எடுக்குறேன்.”

“வடையத் தின்னுட்டுப் பேசுங்க” என்றார் மலர்விழி. செல்வராசுவின் தாள் பாடத்திட்டத்தில் இருக்கிறது.

அடுத்த ஆண்டும் இதே கேள்வி வரும். அப்போது நான் இருப்பேனா, இருந்தாலும் வாய் திறப்பேனா, தெரியவில்லை. இரவில் எழுந்து நடக்கிறேன். ஆனால் இது தெரிகிறது: மேலே எழுதிய நான்காவது குறிப்பு தவறு. அதை எடுத்துவிட்டுக் கட்டுரையைச் சுத்தமாக அனுப்பலாம் என்றுதான் கை போயிற்று. அனுப்பவில்லை. செல்வராசுவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய அந்த ஒற்றைக் கோடு. நான்காவது குறிப்பின் மேல் அதைப் போட்டிருக்கிறேன். அச்சில் வருமோ என்னவோ. வராவிட்டால் நீங்களே பேனா எடுத்து ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், அடியில் இருப்பது படிக்கிற மாதிரி.