விளக்கெண்ணெய்க்கு ஏசி

ஒரு பிஎச்.டி. ஆய்வேட்டில் என் பெயர் வந்துவிட்டது! நேற்று ஜோசபின் கொண்டுவந்து காட்டினாள் — நன்றிப் பக்கத்தில், கடைசி வரி. வீட்டில் யாரும் நம்பவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யின் மேலேயே மூன்று முறை படையெடுத்தவன் நான்.

நான் லேப் அசிஸ்டென்டாகக் காலம் தள்ளும் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள் ஜோசபின். முதலியார்பேட்டைப் பெண். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியான திரவத்தில் காற்றுக் குமிழி எப்படி மேலே ஏறும் என்று கம்ப்யூட்டரைக் கணக்குப் போட வைக்கிறாள்.

இதற்கு எதற்குக் கம்ப்யூட்டர், பாட்டிலைக் கவிழ்த்தால் தெரியாதா? நானும் கேட்டேன்.

"பாட்டில்ல அந்த ஒரு எண்ணெயைத்தாண்ணே பாக்கலாம். இதுல எந்த எண்ணெயில வேணா, எந்த சைஸ் குமிழிய வேணா விடலாம்."

எண்ணெயின் கெட்டித்தன்மையை அளந்து தருவது என் வேலை. ஜாடியில் இரும்புக் குண்டு போட்டு, அது அடியில் போய்ச் சேரும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் பார்க்க வேண்டும். பத்து தடவை. பார்த்தேன், கொடுத்தேன். அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது.

வந்தது வினை. கம்ப்யூட்டர் குமிழி தேர் மாதிரி ஊர்ந்தது. லேபில் கண்ணாடிக் குழாயில் விட்ட நிஜக் குமிழியோ பாதி நேரத்தில் மேலே வந்து நின்றது!

"வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டும் ஒத்து வரலைன்னா வேற தலைப்பு பாரும்மா" என்று சொல்லிவிட்டார் புரொபசர். இரண்டு வருட உழைப்பு...

ஜோசபின் புரோகிராமை வரி வரியாகத் துருவினாள். சோறு தண்ணி இல்லை.

"அண்ணே, எண்ணெய அளந்தது சரிதான?"

"பத்து தடவ பாத்தேம்மா!"

வியாழக்கிழமை கம்ப்யூட்டர் ரூமில் உட்கார்ந்திருந்தோம். கல்லூரியிலேயே ஏசி உள்ள ஒரே அறை. பொழுது போகாமல் அங்கே கிடந்த எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன். உள்ளே இருந்த குமிழி ஊர்ந்தது... தேர் மாதிரி.

எனக்குச் சுரீரென்றது. பத்து தடவையும் நான் குண்டு போட்டது எங்கே? இதே அறையில்தான்! வெயிலுக்குப் பயந்து ஜாடியோடு இங்கே வந்து, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, எண்ணெயும் நானும் நன்றாகக் குளிர்ந்த பிறகு அளந்திருக்கிறேன். குளிர்ந்தால் எண்ணெய் கெட்டிப்படும், குமிழி மெதுவாகத்தான் ஏறும். அவள் குழாயில் குமிழி விட்டதோ வெந்துகொண்டிருந்த லேபில்!

சொல்வதா, வேண்டாமா? சொன்னால் ஏசியும் போச்சு, மானமும் போச்சு. அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி புரோகிராமின் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று பார்த்தால், ஜாடியைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். "வாங்கண்ணே லேபுக்கு. ஃபேன் போடக் கூடாது." சொல்தா மகள் ஆயிற்றே, உத்தரவு என்றால் உத்தரவு. உச்சி வெயிலில், ஜாடிக்குள் தெர்மாமீட்டரையும் நட்டு, பத்து தடவை. குண்டு ஒரு பக்கம் இறங்க, என் முதுகில் வியர்வை ஒரு பக்கம் இறங்கியது.

வெள்ளிக்கிழமை இரண்டு குமிழிகளும் ஜோடி போட்டுக்கொண்டு ஏறின. புரொபசர் தலையாட்டினார். தலைப்பு பிழைத்தது.

ஆய்வேட்டில் என் பெயர் வந்திருக்கிறது என்றேன் அல்லவா? பக்கத்திலேயே, அடைப்புக்குறிக்குள், '34 டிகிரி செல்சியஸ்' என்றும் போட்டிருக்கிறாள்.