எண்ணெய் விட்டது நான்தான்

இன்று பள்ளி விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டேன். பால்காரர் வாசலில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எண்ணெய் போயிட்டாரு அண்ணாச்சி. காலையில நெஞ்சுவலின்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிட்டு."

கார் மெக்கானிக் முத்தையா அண்ணாச்சிக்குத் தென்காசியில் 'எண்ணெய்' என்பதுதான் பெயர். சாவுச் செய்தியிலும் அதுவே வந்தது. அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லோரும் தூங்குகிறார்கள். அப்பா இருமினால் என் கை நின்றுவிடுகிறது.

மூன்று வருடம் முன்பு நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். அப்பாவின் பழைய காரில் ஸ்டியரிங் பிடித்து உட்கார எனக்கு ஆசை. ஒருமுறை அகப்பட்டபோது, "இனி வண்டியத் தொட்டா பள்ளிக்கூடம் நின்னுரும்" என்றார். சொன்னால் செய்வார். அக்காவை எட்டாவதோடு நிறுத்தியவர்.

அந்த சீசனில் குற்றாலம் போனோம். துண்டு எடுத்துவர அம்மா என்னிடம் கார் சாவியைக் கொடுத்தாள். எடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஸ்டார்ட் பண்ணும் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகினேன். சாரல் ஈரத்தில் இறுகிக் கிடந்தது. தலைக்குத் தேய்க்கக் கொண்டுவந்த தேங்காயெண்ணெயை அதில் ஊற்றி அழுத்தித் திருகினேன். பாதிச் சாவி கையோடு வந்தது.

சாரலில் வண்டிகள் மக்கர் பண்ணும் என்று சீசன் முழுக்க அண்ணாச்சி கருவிப் பையோடு அங்கேதான் நிற்பார். ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். பூட்டை முகர்ந்து பார்த்தார்.

"குத்தாலம்னா பூட்டும் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணுமா தாயி?"

அழுதுகொண்டே பள்ளிக்கூடம் நின்றுபோவதைச் சொன்னேன். அவர் அதன்பின் சிரிக்கவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றினார். மெல்லிய ரம்பத் துண்டைச் சாவியோரமாகச் செருகி, ஒடிந்த பாதியைக் கொக்கிபோல் இழுத்தெடுத்தார். பூட்டைப் பிரித்துப் பித்தளைத் தகடுகளைப் பெட்ரோலில் கழுவி, கைக்குட்டையில் வரிசையாக அடுக்கினார். "வரிசை மாறினா, பூட்டு நம்மள யாருன்னு கேக்கும்." பிறகு காதில் செருகியிருந்த பென்சிலைச் சீவி, கரித்தூளை உள்ளே தூவினார். "எண்ணெய் தூசியக் கூட்டுச் சேர்த்துக்கிடும். பூட்டுக்கு இதான் மருந்து." பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒடிந்த இரண்டு துண்டுகளையும் பார்த்து அரத்தால் புதுச் சாவி ராவினார்.

ராவும்போதே அப்பா வந்துவிட்டார். "எவன் கை வச்சான்?"

"நான்தான் அண்ணாச்சி. போன வாரம் வண்டி சர்வீஸுக்கு வந்தப்ப பூட்டுல எண்ணெய் விட்டேன். சரியாச்சான்னு பாக்க, பாப்பாகிட்ட சாவி வாங்கித் திருகினேன். ஒடிஞ்சிட்டு."

"பூட்டுல எண்ணெய் விடுத மெக்கானிக்கா வேய் நீரு!"

அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. சில பெரிய வீட்டுக் கார்கள் அவரிடம் வருவது நின்றது. பஸ் ஸ்டாண்டில் டிரைவர்கள் "ஏ எண்ணெய்!" என்று கூப்பிட்டால், "என்னலே, தலைக்கா, பூட்டுக்கா?" என்று திரும்புவார். கூட்டத்தில் என்னைப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "எந்த வகுப்பு தாயி?" பதில் கேட்டதும் தலையசைத்துப் போய்விடுவார். மூன்று வருடமும் அவர் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தப் பூட்டு இன்றும் ஒரு விரலுக்குத் திரும்புகிறது.

அவருடையதாக என்னிடம் இருப்பது விரல்நீளப் பென்சிலும் அந்தக் கேள்வியும்தான். அந்தப் பென்சிலால்தான் இதை எழுதுகிறேன். விடிந்ததும் இந்தக் காகிதத்தை அப்பாவின் கார் சீட்டில் வைப்பேன். ஊருக்குச் சொன்னவர் அப்பா; அவரே மாற்றிச் சொல்லட்டும். பிறகு என்னைப் பள்ளிக்கு அனுப்புவாரா, தெரியாது.

எண்ணெய் விட்டது நான்தான். அவர் பெயர் முத்தையா.

பத்தாம் வகுப்பு, அண்ணாச்சி.