ரத்தம் வரட்டும் என்று வேண்டினேன்

என் மகள் பூங்கொடிக்கு ஒன்பது வயது. போன மாசியில் அவளுக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கருஞ்சிவப்பாக ரத்தம் மட்டும். பிள்ளை வெளுத்துப்போய், எழுந்து நின்றால் தலை சுற்றி விழுந்தாள்.

மலைமேல் செம்மேட்டு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கீழே போகச் சொன்னார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அவளை மடியில் போட்டுக்கொண்டு, "பெரியண்ணா, ரத்தத்தை நிறுத்து" என்று எங்கள் மலைச்சாமியை வேண்டியபடியே இறங்கினேன். நின்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம், கூட்டிப் போ என்றார்கள்.

ஊருக்கு வந்தால் மறுபடி ரத்தம். மறுபடி இறங்கினோம். மறுபடி வேண்டினேன், நின்றது, ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் முறையும் அதேதான். ரத்தம் வரும்போது பார்த்தால்தான் இடம் தெரியும், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கேட்டேன்.

"நிறுத்துனது போதும் சாமி. டாக்டர் கண்ணு முன்னால வரட்டும். எங்கிருந்து வருதுன்னு காட்டு. இல்லைன்னா உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

என் மனைவி அழுதாள். "ஏனுங்க, பெத்த அப்பன் கேக்கற வரமுங்களா இது?"

கேட்டதை நான் திரும்ப வாங்கவில்லை. உட்கார முடியாமல் வார்டு வாசலில் நடந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை, துணிமணி மூட்டை கட்டும்போது ரத்தம் கொட்டியது. கேட்டவன் நான்தானே! டாக்டர் ஓடி வந்து, நரம்பில் மருந்து ஏற்றி உடனே ஸ்கேன் எடுத்தார். சிறுகுடலில் இடம் தெரிந்தது. அன்றே ஆபரேஷன்.

குடலில் விரல் அளவுக்கு ஒரு பை இருந்ததாம். தாய் வயிற்றிலேயே மறைந்திருக்க வேண்டியது, மறையாமல் பிறவியோடு நின்றுவிட்டது. வயிற்றில் சுரக்கும் அமிலம் அதிலும் சுரந்து, பக்கத்துக் குடலைப் புண்ணாக்கியிருக்கிறது. வெட்டி எடுத்துவிட்டார்கள்.

இந்த வருஷத்து முதல் மிளகைப் பெரியண்ணனுக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். திட்டிய வாயால் கும்பிட்டேன். சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ரத்தம் போனால், நின்றுவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சாமியிடமும் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள்.

இன்னும் அவள் கழிப்பறைக்குப் போனால் நான் வெளியே போய் நிற்கிறேன். "போங்கப்பா அந்தாண்ட" என்று விரட்டுகிறாள். விரட்டட்டும். அந்தக் குரலுக்குத்தான் நான் தினமும் கும்பிடு போடுகிறேன்.